மாடி அறைக்கு எட்டாத வைஃபை: பரணில் கிடந்த ரூட்டரைப் பயன்படுத்திய ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இரண்டு தளங்கள் கொண்ட வீடு. கணவன், மனைவி, கல்லூரி செல்லும் மகள், பள்ளியில் படிக்கும் மகன், கணவரின் தந்தை என ஐந்து பேர். ஃபைபர் இணைப்பு கீழ்த்தளத்து முன்கூடத்தில் வந்து முடிகிறது. இணைப்பு நிறுவனம் தந்த ரூட்டர் டிவிக்குப் பின்னால் ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர். அவருடைய அறை மாடியில், பின்பக்கக் கோடியில். ரூட்டரிலிருந்து அந்த அறைக்கு நேர்கோடு இழுத்தால் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவர்களும் குறுக்கே வரும்.

"மீட்டிங்ல அவங்க பேசறது பாதிதான் கேக்குது. நான் பேசறது அவங்களுக்குக் கேக்குதான்னே தெரியல" என்பதுதான் அவருடைய புகார். தினமும் பகல் 11 மணி அழைப்புக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் மேல்முனையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது பழக்கமாகியிருந்தது.

கணவர் என்னோடு வேலை பார்ப்பவர். அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனிப்பது நான் என்பதால் விஷயம் என்னிடம் வந்தது. வரும்போதே இரண்டு தீர்ப்புகளோடு வந்தது. 'லைன் ஸ்பீடு பத்தலை, பிளானை மாத்தணும்' என்பது ஒன்று. 'பரண்ல பழைய ரூட்டர் சும்மா கிடக்கு, அதை மாட்டினா சரியாகிடாதா' என்பது இன்னொன்று. முதலாவது தவறு என்பது அன்று மாலையே தெரிந்தது. இரண்டாவது சரிதான். ஆனால் 'மாட்டினா' என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் அவருக்குச் சொல்லவில்லை.

## முதல் மாலை: அளந்து பார்த்தது

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துவிடுவது என் வழக்கம். மாற்றிய பிறகு அளந்தால், நாம் செய்தது உதவியதா, இல்லை அன்றைக்குத் தானாகவே நன்றாக இருந்ததா என்று சொல்ல முடியாது.

முதலில் மடிக்கணினியை கேபிள் வழியாக நேரே பிரதான ரூட்டரில் செருகி வேகம் பார்த்தோம். வாங்கியிருக்கும் பிளான் 100 எம்பிபிஎஸ், கிடைத்தது 93. ஆக, தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதில் குறை இல்லை. பிளானை மாற்றியிருந்தால் மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி, அதே அறையில் அதே தடங்கலோடு உட்கார்ந்திருப்பார்.

அடுத்து ஒவ்வொரு இடமாக நின்று சிக்னல் வலிமை எடுத்தோம். இது டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். சுழியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. -67 வரை இருந்தால் வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. -80-ஐத் தாண்டினால் செல்பேசியில் ஒரு கோடு காட்டும், வேலை நடக்காது.

கூடத்தில் -41. மாடிப்படியின் மேல்முனையில் -64. அம்மணி நாற்காலி போட்ட இடம் சும்மா தேர்ந்தெடுத்ததல்ல. வைஃபை பேசும் அலைவரிசைகள் இரண்டு. வேலை அறையின் மேசையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் -82. 5 கிகாஹெர்ட்ஸில் பெயர் தெரிவதும் மறைவதுமாக இருந்தது, ஒட்டவே இல்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. அறையில் உட்கார்ந்து, இணையத்தில் எங்கோ இருக்கும் முகவரிக்கு அல்லாமல், கூடத்திலிருக்கும் ரூட்டரின் முகவரியான 192.168.1.1-க்கே 100 பிங், அதாவது போய்த் திரும்ப வேண்டிய சிறு சோதனைச் செய்திகள், அனுப்பினோம். 14 திரும்பவில்லை. திரும்பியவற்றிலும் சில 3 மில்லி விநாடியில் வந்தன, சில 400-ஐத் தாண்டின. வீட்டு வாசலைத் தாண்டாத பயணத்திலேயே ஏழில் ஒன்று தொலைகிறது என்றால், கோளாறு சுவர்களுக்குள்தான் இருக்கிறது. வேகச் சோதனையை மட்டும் ஓட்டியிருந்தால் '5 எம்பிபிஎஸ் வருது' என்று ஓர் எண் கிடைத்திருக்கும். யார் மேல் பழி என்று தெரிந்திருக்காது.

காசு செலவில்லாத மருந்து ஒன்றை அன்றே கொடுத்துப் பார்த்தோம். ரூட்டரை அலமாரிக்கு வெளியே எடுத்து, டிவியின் முதுகிலிருந்து விலக்கி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். மேசையில் -82 இருந்தது -76 ஆனது. ஆறு டெசிபல் என்பது கேட்கச் சின்ன எண். சிக்னலின் திறனில் நான்கு மடங்கு. பிங் இழப்பு 14-லிருந்து 5-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம், ஆனாலும் அழைப்புக்குப் போதாது.

## எடுத்த முடிவும் தள்ளிவைத்த வழிகளும்

பரணிலிருந்து இறங்கிய பெட்டி ஆறு வருடம் பழையது, முந்தைய இணைப்பின் மிச்சம். வைஃபை 5 என்று இப்போது சொல்லும், 2013-இல் தரமாக வந்த ரகம். இரண்டு அலைவரிசைகளும் உண்டு. பின்னால் வீட்டுக் கருவிகளை இணைக்க நான்கு லேன் போர்ட், வெளியிலிருந்து இணையம் வரும் கம்பிக்கு நிறம் மாறி ஒரு வான் போர்ட். போர்ட்டுகள் எல்லாம் 100 எம்பிபிஎஸ்தான், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கிடையாது. வீட்டு இணைப்பே 100 என்பதால் இது இடைஞ்சல் இல்லை என்று முடிவு செய்தோம்.

இதை ரிப்பீட்டராக, அதாவது கம்பியில்லாமல் கீழேயிருந்து வாங்கி மேலே கொடுக்கும்படி வைக்கலாமே என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி, மெனுவில் அந்த வசதியும் இருந்தது. அதை நான் தள்ளியதற்கு இரண்டு காரணங்கள். ஒரே ரேடியோவில் கேட்டு, கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்லும்போது காற்றில் கிடைக்கும் நேரம் இரண்டாகப் பிரிகிறது. வேகம் சுமார் பாதியாகிவிடும். இரண்டாவது, ரிப்பீட்டர் தனக்குக் கிடைப்பதைத்தான் கொடுக்கும். சிக்னல் மோசமாக இருக்கும் அறையிலேயே அதை வைத்தால் முழுக் கோடுகள் காட்டும், ஆனால் பின்னால் வரும் சரக்கு அதே -76-இன் சரக்கு. இந்த ஏமாற்றத்தில் பலர் விழுகிறார்கள். கோடுகளின் எண்ணிக்கை பக்கத்துப் பெட்டிக்கும் உங்களுக்கும் உள்ள உறவைத்தான் சொல்கிறது.

மின்கம்பி வழியாகத் தரவு அனுப்பும் அடாப்டர்களையும், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் புதிய மெஷ் கருவிகளையும் பற்றிப் பேசினோம். முன்னது அந்த வீட்டு வயரிங்கில் எப்படி ஓடும் என்று மாட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. பின்னது வேலை செய்திருக்கும். கையில் ஒரு பெட்டி சும்மா இருக்கும்போது வாங்க வேண்டாம் என்பது வீட்டாரின் விருப்பம்.

மிஞ்சியது கேபிள். கூடத்திலிருந்து மாடி நடைபாதைக்கு, பழைய தொலைபேசிக் கம்பி போன குழாய் ஒன்று சுவருக்குள் இருந்தது. அதில் மின்கம்பி எதுவும் இல்லை என்று எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்து உறுதி செய்தார். இருந்திருந்தால் வேறு வழி தேடியிருப்போம். பழைய கம்பியின் நுனியிலேயே புதியதைக் கட்டி இழுத்தார். மொத்தம் 18 மீட்டர், முழுச் செம்பிலான கேட்5இ கேபிள். இந்த வகைக்கு 100 மீட்டர் வரை எல்லை உண்டு என்பதால் நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் மலிவாகக் கிடைத்தது. இழுக்கும்போதே அறுந்துவிடக்கூடிய பண்டத்தைச் சுவருக்குள் விட மனமில்லை.

இரு முனையிலும் பிளக் அடித்த பிறகு டெஸ்டரில் வைத்துப் பார்த்ததில், கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளுக்கான எட்டு விளக்குகளில் ஐந்தாவது எரியவில்லை. 100 எம்பிபிஎஸ் போர்ட் 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகளை மட்டும்தான் பயன்படுத்தும். ஐந்தாவது செத்துக் கிடந்தாலும் அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்காது. எட்டும் தேவைப்படும் கிகாபிட் பெட்டி ஒன்று நாளை வரும்போதுதான் தெரியும்; அப்போது இந்தப் பிளக்கை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். வெட்டி, மறுபடி அடிக்கச் சொன்னோம்.

## பொறுமையில்லாமல் செருகியது

கேபிள் போட்டது சனிக்கிழமை. நான் திங்கள் மாலை வருவதாகச் சொல்லியிருந்தேன். ஞாயிறன்றே கணவர் செருகிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை: மேலே பெட்டி, கீழே பெட்டி, நடுவில் கேபிள் தயார். பழைய ரூட்டரில் 'இன்டர்நெட்' என்று எழுதி, தனி நிறத்தில் ஒரு போர்ட் இருக்கிறது. இணையம் வரும் கம்பியை அதில் செருகாமல் வேறெதில் செருகுவது?

உடனே வேலை செய்தது. அறையில் வேகம் பறந்தது. அம்மணி நாற்காலியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போட்டார்.

திங்கள் காலை அச்சுப்பொறி காணாமல் போனது. அது கீழே, பிரதான ரூட்டரில் இணைந்திருந்தது. மாடியிலிருந்து அச்சிடக் கொடுத்தால் 'சாதனம் கிடைக்கவில்லை'. கீழே இறங்கி வந்தால் கிடைக்கிறது. மகனுக்கும் அதே கதை: மாடியில் இருக்கும்போது செல்பேசியிலிருந்து கூடத்து டிவிக்கு வீடியோ அனுப்பும் குறியே வரவில்லை.

இதன் காரணம் எளிது. ரூட்டர் என்பது ஒரு பெட்டிக்குள் பல வேலைக்காரர்கள். முகவரி வழங்குவது ஒருவர், உள்ளே வெளியே என்று எல்லை போட்டு நடுவில் நிற்பது ஒருவர், கம்பிகளை இணைப்பது ஒருவர், காற்றில் பேசுவது ஒருவர். வான் போர்ட்டில் செருகியதும் நால்வரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கீழ்வீடு 192.168.1 வரிசையிலும் மாடி 192.168.0 வரிசையிலும் தனித்தனி நெட்வொர்க் ஆகிவிட்டன. (வீடுகளுக்குள் புழங்கவென்று ஒதுக்கிய முகவரிகள் இவை. 1996-லிருந்து பெரும்பாலான வீடுகளில் இதே எண்கள்தான்.) மாடியிலிருந்து வெளியே போகும் போக்குவரத்து இரண்டு எல்லைகளைத் தாண்டிப் போனது, இணையப் பக்கம் பார்ப்பதற்கு அது தடையில்லை. ஆனால் அச்சுப்பொறியும் டிவியும் தங்களை அறிவித்துக்கொள்வது அக்கம்பக்கத்துக்கு மட்டும் கேட்கும் குரலில். அந்தக் குரல் எல்லையைத் தாண்டாது.

எந்தப் போர்ட் என்று ஒரு வரி நான் முன்பே சொல்லியிருந்தால் இந்த ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

## திங்கள் மாலை: ரூட்டரை ரூட்டராக இல்லாமல் செய்தது

நமக்குத் தேவை அந்த நான்கு வேலைக்காரர்களில் கடைசி இருவர் மட்டும். முகவரி வழங்குபவரையும் எல்லைக் காவலரையும் ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். பல மாதிரிகளில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் தானாக நடக்கும். இந்தப் பெட்டியில் அது இல்லை. கையால் செய்தோம்.

வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பெட்டியைப் பிரித்து, மடிக்கணினியோடு மட்டும் கேபிளில் இணைத்து, ரீசெட் துளையில் ஊசியால் அழுத்தி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தோம். ஆறு வருடத்துக்கு முன் யார் என்ன மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லாதபோது இதுதான் பத்திரம்.

இதற்கப்புறம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும்: பிரதான ரூட்டரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்தோம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் முறை. நிர்வாகக் கடவுச்சொல்லைப் புதிதாக்கினோம். பொத்தானை அழுத்தி அல்லது பின் எண் கொடுத்து இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தோம். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளியான விஷயம். இந்த வயதுப் பெட்டிகள் பலவற்றில் அது திறந்தே கிடக்கும்.

அடுத்து பெட்டியின் சொந்த முகவரியை 192.168.0.1-லிருந்து 192.168.1.2 ஆக்கினோம். அதற்கு முன் பிரதான ரூட்டரில் போய், முகவரி வழங்கும் வரம்பு 2-லிருந்து தொடங்குவதை 100-லிருந்து என்று மாற்றியிருந்தோம். இல்லையென்றால் என்றைக்காவது அது 192.168.1.2-ஐ யாருடைய செல்பேசிக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். அன்றைக்கு மாடி நெட்வொர்க்கின் அமைப்புப் பக்கம் திறக்காது, காரணமும் புலப்படாது.

கடைசியாகத்தான் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையை நிறுத்தினோம். இதை முதலில் செய்துவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு. நிறுத்தியதும் மடிக்கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லை, அது 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியை வைத்துக்கொண்டு விழிக்கும். பெட்டிக்குள் திரும்ப நுழைய, மடிக்கணினிக்கு நாமே கையால் ஒரு முகவரி எழுத வேண்டும்.

பிறகு கீழேயிருந்து வரும் கேபிளை லேன் போர்ட் ஒன்றில் செருகினோம். வான் போர்ட் காலி. அதன் வாயில் டேப் ஒட்டினேன்.

அச்சுப்பொறி வந்தது. டிவி வந்தது.

## எங்கே வைப்பது, எந்தச் சேனல்

கேபிள் முடிந்த இடம் நடைபாதை. வேலை அறையின் கதவிலிருந்து நான்கு மீட்டர். அங்கே ஒரு இரும்பு பீரோ இருந்ததால் கை தானாகப் பெட்டியை அதன் மேல் வைத்தது. மேசையில் -63. பக்கத்து அறையில் இருந்துகொண்டு இது நல்ல எண்ணே அல்ல. சுவரில் ஒரு பலகை அடித்து, பீரோவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் 5 கிகாஹெர்ட்ஸில் -52. இரும்பு அலைகளைத் திருப்பி அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த நானே அங்கே வைத்தேன்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கீழே 1, மேலே 11, இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 6-இல் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசல் தெரிந்தது, அதைத் தொடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. 149 எல்லா நாட்டிலும் அனுமதியில் இல்லை, அங்கே இருந்தது. பெயர் ஒன்றாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சேனல் ஒன்றாக இருந்தால் இரண்டு பெட்டிகளும் ஒருவர் பேச்சு முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

இதற்குப் பின்னும் ஒரு குறை நின்றது. கூடத்திலிருந்து மாடிக்கு ஏறுகிறவரின் செல்பேசி கீழ்ப்பெட்டியை விட மறுக்கிறது. பக்கத்தில் -50-இல் ஒரு சிக்னல் கூப்பிடும்போது -72-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. எப்போது மாறுவது என்பதைத் தீர்மானிப்பது ரூட்டர் அல்ல, செல்பேசி. ஐபோன்கள் -70-க்குக் கீழே இறங்கினால்தான் வேறிடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. மற்றவை அதனதன் இஷ்டம். நாம் செய்யக்கூடியது, கீழ்ப்பெட்டியின் சத்தத்தைக் குறைப்பது. பிரதான ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறனை 'நடுத்தரம்' ஆக்கினோம். சிக்னல் பத்தவில்லை என்று தொடங்கிய வேலையில் சிக்னலைக் குறைப்பது வீட்டாருக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் மாடியில் அது வலுவிழந்ததும் செல்பேசிகள் தாமாகவே மாறின. தாத்தாவின் பழைய செல்பேசி மட்டும் மாறவில்லை. அதற்கு எங்களிடம் வைத்தியம் இல்லை. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடக் கற்றுக்கொண்டார்.

பெயரை 'மாடி', 'கீழ்' என்று பிரித்திருந்தால் இந்தச் சிக்கல் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் மனிதர்தான் மாற்ற வேண்டும். ஐந்து பேர் வீட்டில் அது நடக்காது.

அன்றிரவு மேசையில் எடுத்த அளவு: -52, வேகம் 89 எம்பிபிஎஸ், 100 பிங்கில் இழப்பு இல்லை.

## மூன்று வாரம் கழித்து

ஒரு ஞாயிறு மதியம் கணவர் அழைத்தார். மகளின் தோழிகள் இருவர் வந்திருக்கிறார்கள். மாடியில் அவர்கள் செல்பேசி வைஃபையில் சேருகிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது. வீட்டில் மற்ற எல்லாருக்கும் ஓடுகிறது. விருந்தாளிகளின் செல்பேசியில்தான் ஏதோ என்று நான் சொன்னேன். அவசரப்பட்டுச் சொன்னது.

மாலையில் மறுபடி அழைப்பு. இப்போது மனைவியின் மடிக்கணினியும் போய்விட்டது. நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்: விளக்குகள் எரிகின்றனவா, இரண்டு பெட்டியையும் அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா. அணைத்துப் போட்டார். வந்தது. அரை மணியில் மகனுக்குப் போனது. மறுபடி அணைத்தார். மகனுக்கு வந்தது, மகளுக்குப் போனது. இப்படியே ஒன்றரை மணி நேரம். "நீங்க அந்தப் பெட்டியை வெச்சதுக்கு அப்புறம்தான் இப்படி" என்று பின்னாலிருந்து அம்மணியின் குரல் கேட்டது. தவறான குற்றச்சாட்டு என்று சொல்லிவிட முடியாது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: ஓடாத கருவியின் ஐபி முகவரியைப் படியுங்கள். "192.168.0.103." ஓடுகிற ஒன்று? "192.168.1.114." மூன்றாவது எண் வேறு. 0 வரிசையில் முகவரி கொடுக்கக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவர்தான், அவரை நாங்கள் மூன்று வாரம் முன்பு ஓய்வுக்கு அனுப்பியிருந்தோம்.

நடந்தது இது. முந்தைய நாள் இரவு நிறுவனத்தின் பக்கமே இணைப்பு ஒரு மணி நேரம் போயிருந்தது. மகன் மாடிப்பெட்டியின் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தியிருக்கிறான். நான் செய்ததைப் பார்த்திருந்தான். பெட்டி ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. வைஃபை பெயர் மாறியிருப்பதைக் கண்டு பயந்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்து பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் சரியாகத் திரும்ப எழுதியிருக்கிறான். அதற்குள் லைனும் வந்துவிட்டது. எல்லாம் சரி என்று தூங்கப் போய்விட்டான். புத்திசாலிப் பையன்தான். பெயர் சரியாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆரம்ப நிலைக்குப் போன பெட்டி மறுபடி முகவரி வழங்கத் தொடங்கியது. லேன் கேபிளில் இணைந்திருந்ததால் ஒரே நெட்வொர்க்கில் இப்போது வழங்குபவர் இருவர். முகவரி கேட்டு ஒரு கருவி குரல் கொடுத்தால் முந்திக்கொண்டு பதில் சொல்பவர் கொடுப்பதே முகவரி. மாடிப்பெட்டி கொடுத்தால், 'வெளியே போகும் வழி நானே' என்று தன்னையே காட்டும். அதன் வான் போர்ட்டிலோ டேப்.

வீட்டுக் கருவிகள் ஏன் முதலில் தப்பின என்பதும் இதில் அடக்கம். முகவரி என்பது குத்தகைக்கு வாங்குவது. அந்த வீட்டில் 24 மணி நேரக் குத்தகை. பாதிக் காலம் கழிந்ததும் கருவி, கொடுத்தவரிடமே நேரே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்காது. ஆகவே பழைய ஆட்கள் தெரியாமலே தப்பித்தார்கள், புதிதாக வந்த தோழிகள் மாட்டினார்கள். அணைத்துப் போடச் சொல்லி நான் கொடுத்த ஆலோசனை, குத்தகையில் பத்திரமாக இருந்தவர்களையும் ஒவ்வொருவராக வெளியே இழுத்துச் சீட்டுக் குலுக்கலில் நிறுத்தியது. ஒரு முறை ஒருவருக்கு வருவதும் அடுத்த முறை போவதும் அதனால்தான்.

அன்றிரவுக்கு மாடிப்பெட்டியின் கேபிளைப் பிடுங்கி வைக்கச் சொன்னேன். மறுநாள் போய், திங்கள் மாலைச் சடங்கை முதலிலிருந்து திரும்பச் செய்தேன். இந்த முறை, முடிந்ததும் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்துக் கணவரின் மடிக்கணினியில் வைத்தோம். மெனுவில் அந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது.

## இப்போதைய நிலை

அதற்குப் பின் நான்கு மாதம் ஆகிறது. மாடி அறையில் அழைப்பு அறுந்ததாகப் புகார் ஒன்று மட்டும் வந்தது: மின்சாரம் போனபோது. கீழே உள்ள ரூட்டருக்கு பேட்டரி இருக்கிறது, மாடிப்பெட்டிக்கு இல்லை. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மனைவி அப்போது பழைய நாற்காலி இடத்துக்குப் போய் அழைப்பை முடித்திருக்கிறார். கீழ்ப்பெட்டியின் திறனைக் குறைத்திருந்ததால் அங்கேயும் முன்பைவிடச் சற்று மந்தம்.

மகள் மாடிப்பெட்டியின் காலி லேன் போர்ட்டில் ஒரு மேசைக்கணினியை இணைத்திருக்கிறாள். அது கேட்காமலே கிடைத்த லாபம்.

பெட்டியின் மென்பொருளுக்கு உற்பத்தியாளர் புதுப்பிப்பு விடுவது நின்றுவிட்டது. இணையத்தை நேராக எதிர்கொள்வது இப்போது பிரதான ரூட்டர்தான் என்பதால் அபாயம் குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

## மறுபடி செய்வதானால் மாற்றிக்கொள்வது

கேபிள் போடும் முன்பே, எந்தப் போர்ட், ஏன் என்று வீட்டாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருப்பேன். காத்திருக்கச் சொல்வது யாரிடமும் பலிப்பதில்லை.

அமைப்புக் கோப்பை அந்தத் திங்கள் மாலையே சேமித்திருப்பேன். இதில் சாக்கு ஒன்றும் இல்லை.

தொலைபேசியில் கோளாறு கேட்கும்போது முதல் கேள்வி விளக்குகளைப் பற்றியதாக இருக்காது. 'ஐபி முகவரியைப் படியுங்கள்' என்பதாக இருக்கும். சிலருக்கு ஓடி, சிலருக்கு ஓடாமல் இருந்தால், இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொன்று. அணைத்துப் போடச் சொல்வது கடைசியில். அது தடயத்தை அழிக்கிறது.

சுவருக்குள் ஒரு கேபிளை இழுத்த கையோடு இரண்டாவதையும் இழுத்திருக்க வேண்டும். குழாயில் இடம் இருந்தது. கூலியில் பெரும்பகுதி முதல் கேபிளுக்கே போய்விடுகிறது.

பழைய பெட்டி போதும் என்ற முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன், இந்த இணைப்புக்கு. ஆனால் கணவர் 300 எம்பிபிஎஸ் பிளானைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார். எடுத்தால் கீழே 300 கிடைக்கும், மாடியில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகளின் தயவில் 94-ஐத் தாண்டாது. அன்றைக்கு அந்தப் பெட்டி பரணுக்குத் திரும்பும். எட்டு விளக்கும் எரியும் கேபிள் சுவருக்குள் தயாராக இருக்கிறது.

அதுவரை மாடிப்பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். முகவரி 192.168.1.2. டிஹெச்சிபி அணைக்கப்பட்டது. கேபிள் லேனில். அமைப்புக் கோப்பு அப்பாவின் மடிக்கணினியில். ரீசெட் துளைக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு மகனே தன் கையெழுத்தில் எழுதியது: 'இங்க குத்தாதீங்க.'